நாலாவது சீட்டுக்கு ஒரு லேஞ்சி

போனவர்கள் மூன்று பேர்: நான், ரிஸ்வி, குகன். போகாதவன் மனோ. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் வட இத்தாலியில் ரயிலேறித் திரிந்த கதையை யாருக்குச் சொன்னாலும், முடிப்பதற்குள் மனோ எப்படியோ அதற்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறான். கேட்கிறவர்கள், "அப்ப மனோவுக்கு வெனிஸ் புடிச்சிச்சா?" என்பார்கள். அவன் வரவேயில்லை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

போன மாதம் அக்காவை ஹட்டனுக்கு ஏற்றிவிடக் கண்டி ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயில் மேடைக்கு வந்து இன்னும் நிற்கவில்லை. ஐம்பது வயது இருக்கும் ஒருவர், கூடவே நடந்தபடி ஜன்னலுக்குள் கையை விட்டு ஒரு லேஞ்சியைச் சீட்டில் போட்டார். கைக்குட்டையைத்தான் சொல்கிறேன், எங்களுக்கு அது லேஞ்சி. போட்டுவிட்டு, இனி அவசரமில்லை என்ற நிதானத்தோடு வாசல் பக்கமாகச் சுற்றி ஏறினார். அவர் வந்து சேர்வதற்குள் அந்த இடத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து காதில் இயர்போன் மாட்டிக்கொண்டிருந்தது. "அங்கிள், இது உங்கடதா? விழுந்து கெடந்திச்சு" என்று மரியாதையாக லேஞ்சியை எடுத்து நீட்டியது. போனில் தன்னுடைய சீட்டு நம்பரையும் காட்டியது. அவர் லேஞ்சியை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவோரம் போய் நின்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"என்னடா பல்லக் காட்டுற?"

"இத்தாலி ஞாபகம் வந்திச்சு."

"ஆமா, ஊருல இவரு ஒருத்தருதான் இத்தாலி போனாரு."

லேஞ்சிக்கு எங்கள் ஊர் ரயில்களில் ஒரு சட்டம் இருந்தது. எங்கும் எழுதியிருக்காது. சீட்டில் ஒரு லேஞ்சி கிடந்தால் அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். கர்ப்பிணிக்குக்கூடப் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து இடம் கொடுப்பாரே தவிர, லேஞ்சியைத் தொடமாட்டார். கூட்டம் பிதுங்கும் ரயிலில் ஒரு முழச் சதுரத் துணி தனியாக ஒரு சீட்டில் பயணம் செய்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நாங்கள் போட்ட லேஞ்சிகளெல்லாம் ரிஸ்வியின் வாப்பா கடைச் சரக்கு. கண்டி டவுனில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தப் புடவைக்கடை. உள்ளே நுழைந்தாலே புதுத்துணிக் கஞ்சியும் பூச்சி உருண்டையும் கலந்த வாசம் அடிக்கும். இன்றைக்கும் எங்காவது அலுமாரியைத் திறக்கும்போது அந்த வாசம் வந்தால் எனக்குப் பிளேன்டி, அதாவது பால் சேர்க்காத தேநீர், குடிக்க வேண்டும்போல் இருக்கும். உயர்தர வகுப்பில் டியூஷன் முடிந்ததும் நாலு பேரும் அந்தக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் துணிக்கட்டுகளின் மேல் உட்கார்ந்து பிளேன்டி குடித்தோம். பரீட்சை முடிந்து வேலைக்குப் போன பிறகும் சனிக்கிழமைகளில் அது தொடர்ந்தது.

சுவரில் ஏதோ ஒரு டிராவல் ஏஜென்சி கொடுத்த கலண்டர் தொங்கியது. அதில் ஜூன் மாதப் படம் ஓர் ஏரி, ஏரிக்கரையில் ஒரு ரயில், கீழே சின்ன எழுத்தில் இத்தாலி. வருடம் முடிந்தும் அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை.

"பாருங்கடா, கோச்சிக்குள்ள மனிசரே இல்ல. நம்ம கோச்சில கால் வெக்கவே எடமில்ல" என்பான் ரிஸ்வி.

"ஒனக்கு சீட்டு வேணும்னா இத்தாலிக்குத்தான் போகணும்" என்பான் மனோ.

இப்படி விளையாட்டாகத் தொடங்கியது. ஆனால் மனோவுக்கு ரயில் விளையாட்டு இல்லை. அவனுடைய அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை. கடுகண்ணாவையில் லைனுக்குப் பக்கத்திலேயே வீடு. அவனோடு போனில் பேசும்போது திடீரென்று, "கொஞ்சம் இரு" என்பான். ரயில் கடந்து போகும்வரை இரண்டு பக்கமும் பேச்சில்லை. பிறகு விட்ட சொல்லிலிருந்தே தொடர்வான். மிலானில் இறங்கி, சின்ன ரயில்களில் மாறி மாறி வெனிஸ்வரை போவது என்று வழி போட்டவன் அவன்தான். எந்த ரயில் மலிவு, எங்கே மாற வேண்டும், எந்தப் பக்கத்து ஜன்னலில் ஏரி தெரியும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தான். குகன் அதற்குள் ஜெர்மனிக்குப் படிக்கப் போய்விட்டான். அவன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அப்பா கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்ததால் எங்களுக்குக் கிடைத்தவன். அவன் அங்கிருந்து ரயிலில் வந்து மிலானில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

புசல்லாவைத் தோட்டத்தில் என் அம்மாவிடம் சொன்னபோது, கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ரயில்ல போறதுக்கா ஏரோப்பிளேன்ல போற?" என்று கேட்டாள்.

வீசாவுக்கு நான், ரிஸ்வி, மனோ மூன்று பேரும் சேர்ந்துதான் கொழும்புக்குப் போனோம். எனக்கு வங்கிச் சம்பளச் சீட்டு இருந்தது. ரிஸ்விக்குக் கடைப் பதிவும் வாப்பாவின் கணக்கும் இருந்தன. மனோ டியூஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் கவரில் போட்டுக் கொடுக்கும் காசுக்கு ஏது சீட்டு? எங்கள் இருவருக்கும் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. நாட்டுக்குத் திரும்பி வருவார் என்பதில் சந்தேகம் என்று காரணம் போட்டிருந்தார்கள்.

"நான் திரும்பி வரமாட்டேன்னு எனக்கே தெரியாதுடா. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தான். போக வேண்டாம், விட்டுவிடுவோம் என்றோம். "போகாட்டி டிக்கெட் காசு திரும்பி வருமா? பேசாம போங்கடா" என்றான். அன்று மாலையே வழி முழுவதையும் வாய்ஸ் நோட்டுகளாக அனுப்பிவிட்டு, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பை விட்டுப் போய்விட்டான். கடைசி வரி சாம்பல் நிறத்தில் 'மனோ வெளியேறினார்' என்று நின்றது. அதன் பிறகு நாங்கள் போன் செய்தாலும் எடுக்கவில்லை. கடைக்கும் வரவில்லை. இத்தாலியைப் பார்த்துவிட்டு வரும்போது நாங்கள் மூன்று பேராகிவிடுவோம் என்று பயந்தேன். விமானத்தில் எனக்கும் ரிஸ்விக்கும் நடுவிலிருந்த காலிச் சீட்டில் பையை வைக்கக்கூட அவன் விடவில்லை.

மிலானில் முதல் அவமானம் எனக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். எழுதியிருப்பதையெல்லாம் வாசித்து, சொன்னபடி நடந்துவிட வேண்டும் என்ற வியாதி எனக்கு அங்கிருந்தே வந்தது. நம் ஊரில் இறங்கியதும் வாசலில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் இல்லையா? நான் அந்தப் பெரிய ஸ்டேஷனில் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி, வாங்கிக்கொள்ள ஆள் தேடி நின்றேன். குகன் வந்து கட்டிப்பிடித்த பிறகும் தேடினேன்.

"விசரா, அதை ஆருக்குக் குடுக்கப் போறாய்?"

"ஸ்டேஷன் மாஸ்டருக்கு."

"ஓம், அவர் உனக்காகத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறார். வா!"

அடுத்த நாள் பிரெஷியா என்ற ஊரில் மாட்டிக்கொண்டோம். இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினால் பலகையில் ரயில்களெல்லாம் சிவப்பில் இருந்தன. குகன் ஒட்டியிருந்த நோட்டீஸைப் போனில் மொழிபெயர்த்தான்.

"ஸ்ட்ரைக்காம்."

"பொய் சொல்லாத. இத்தாலில என்ன ஸ்ட்ரைக்கு?" என்றான் ரிஸ்வி.

இரவு தங்க வெரோனாவில் பணம் கட்டியிருந்தோம். பஸ்ஸுக்கு நீள வரிசை. மூவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பாண் ரொட்டியை எடுத்தோம். ரிஸ்வி மிலானில் இறங்கியதிலிருந்து சீஸைத் தவிர வேறொன்றும் தின்னவில்லை. இறைச்சி எதையும் நம்பமாட்டான். அவன் உம்மா கொடுத்துவிட்ட சீனிச் சம்பல் போத்தலைத் திறந்ததும் மேடை முழுவதும் வெங்காயமும் மாசிக் கருவாடும் மணத்தது. அந்த மணம் மூன்று பேரையும் கடைக் கவுண்டருக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார்த்தியிருக்க வேண்டும். குகன்தான் முதலில் சொன்னான்.

"அவனைக் கேப்பம்."

"எடுக்க மாட்டான்" என்றான் ரிஸ்வி.

நான் அவனை அழைக்கவில்லை. 'இங்க ரயில்வே ஸ்ட்ரைக். மாட்டிக்கிட்டோம்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பாண் துண்டை விழுங்குவதற்குள் போன் அடித்தது.

"அங்கயுமா?" என்றான் மனோ. பிறகு சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். "அப்பா, இத்தாலிலயும் ஸ்ட்ரைக்காம்ப்பா!" என்று அங்கே கத்துவது கேட்டது. அவனுடைய அப்பா, "சம்பளம் எவ்வளவு கூட்டிக் கேக்குறாங்களாம்?" என்று விசாரித்தார்.

"டேய், ஸ்ட்ரைக்குன்னா முழுசா நிக்காது. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற சனத்துக்கு ரெண்டு மூணு ஓட்டுவானுங்க. இல்லாட்டி சனம் அடிக்கும்ல. இரு, பாக்குறேன்." போனில் எதையோ தேடித் தட்டினான். "ஆறு மணிக்குப் பொறகு வெரோனா பக்கம் ஒண்ணு போகுது. கூட்டம் அள்ளும். ரிஸ்விய முன்னுக்கு விடுங்க."

"என்னைய ஏன்டா?"

"நீதானே லேஞ்சிக்காரன்."

ரயில் வந்தபோது ரிஸ்வி லேஞ்சியை எடுத்துக்கொண்டு கூடவே ஓடினான். ஜன்னல் ஒன்றுகூடத் திறக்கிற ஜன்னல் இல்லை. கண்ணாடியைத் தட்டித் தட்டி ஓடினான். உள்ளே இருந்தவர்கள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். ஆனாலும் கண்டி ஸ்டேஷனில் பழகிய தோள் வீண்போகுமா? நாங்கள் ஏறியபோது எதிரெதிராக நாலு சீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு நடுவில் நின்றான். ஜன்னலோரச் சீட்டில் நீலக்கட்ட லேஞ்சி விரித்துக் கிடந்தது.

"மூண்டு பேருக்கு ஏன்டா நாலு சீட்?" என்றான் குகன்.

"மனோக்கு. ஏரி அந்தப் பக்கம்தான் ஈக்கி, அவன்தானே செல்லிவெச்சான்."

வீடியோவைப் போட்டுப் போனை லேஞ்சியின் மேல் சாய்த்து வைத்தோம். நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். வெள்ளைத் தலையோடு ஓர் அம்மா வந்தார். லேஞ்சியையும் போனையும் எடுத்து, "விழுந்துவிட்டது, தம்பி" என்பதுபோல ஏதோ சொல்லி ரிஸ்வியிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சட்டம் தெரியாதவரிடம் என்ன சொல்வது? அப்போது போனிலிருந்து, "யாருடா என் சீட்டுல?" என்று மனோவின் குரல் வந்தது.

அந்த அம்மா திடுக்கிட்டார். நான் ரிஸ்வியிடமிருந்து போனை வாங்கிக் காட்டி, சீட்டைக் காட்டி, "பிரெண்ட், ஸ்ரீலங்கா, வீசா நோ" என்றேன். வங்கியில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிற எனக்கு அவ்வளவுதான் வந்தது.

"ஸ்ரீலங்கா!" என்றார் அவர். "குமாரி!" என்று நெஞ்சில் கை வைத்தார். படுத்திருக்கும் ஒரு கிழவியைத் தூக்கி உட்கார வைப்பதுபோலக் கையால் செய்து காட்டினார். அவருடைய தாயைப் பார்த்துக்கொள்கிற நம் நாட்டுப் பெண் என்று விளங்கியது. போனை என் கையிலிருந்து வாங்கி, "ஆயுபோவன்" என்று சிங்களத்தில் வணக்கம் சொன்னார்.

"ஆயுபோவன், ஆன்ட்டி" என்றான் மனோ.

அதன் பிறகு போன் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. ஏரி தெரியத் தொடங்கியதும் அவர் ரிஸ்வியின் கையிலிருந்த லேஞ்சியைக் கேட்டு வாங்கி, ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து, போனை அதில் ஒட்டப் பிடித்தார். ஒவ்வொரு மலைக்கும் ஊருக்கும் பெயர் சொன்னார், எல்லாம் இத்தாலிய மொழியில். மனோ "ஸி, ஸி" என்று ஆமாம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில், "கொஞ்சம் இருங்க ஆன்ட்டி" என்றான், தமிழில். கடுகண்ணாவையில் அவன் வீட்டுப் பின்னால் ரயில் போகிற இரைச்சல் போனில் வந்தது. அவர் போனைக் காதோடு வைத்து, அது கடந்து முடியும்வரை பேசாமல் இருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"கலண்டர் ஏரி இதுதானேடா?" என்று நான் எட்டிக் கேட்டேன்.

"இல்லடா. அது வேற ஏரி. பரவால்ல" என்றான்.

வெரோனாவில் அந்த அம்மா போனை என்னிடம் கொடுத்து, மனோவுக்குக் கையசைத்து, லேஞ்சியை மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். கேட்க எங்கள் மூவருக்கும் கூச்சமாக இருந்தது. மேடையில் நின்றபடியே ரிஸ்வி மனோவைக் குரூப்பில் திரும்பச் சேர்த்தான். அவன் உடனே எழுதினான்: 'நாளைக்கு எட்டரை ரயில். பிந்தாதீங்க.'

இப்போது அந்தக் கடை இல்லை. வாப்பாவுக்கு முடியாமல் போய்க் கைமாறி, அங்கே போன் கவர் விற்கிறார்கள். வாசமே இல்லாத கடை. ரிஸ்வி வீட்டிலிருந்தே ஆன்லைனில் துணி விற்கிறான், லேஞ்சி விற்பதில்லை, கேட்பார் இல்லையாம். குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வருகிறது. சந்தேகமில்லாமல் வீசா கிடைத்த குகன் நாட்டுக்குத் திரும்பவேயில்லை. மனோ கடுகண்ணாவையை விட்டு நகரவேயில்லை. மறுப்பு விழுந்த பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதிது எடுத்திருக்கிறான். மறுபடி போட்டுப் பார் என்றேன். "வெனிஸ்ல தண்ணி நாறுதுன்னு நீதானே சொன்ன? அதுக்கு நான் கண்டி வாவிக்கே போறேன்" என்கிறான்.

அன்று இத்தாலியிலிருந்து திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, மனோ கடைக்கு வந்தான். ரிஸ்வி கவுண்டரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். விமானச் செலவு அவரவருடையது. இத்தாலிக்குள் ரயிலுக்கும் தங்கலுக்கும் சீஸுக்கும் ஆளுக்கு எண்பத்தேழாயிரம் ரூபாய் சொச்சம் வந்தது.

"எனக்கு எவ்வளவு?" என்றான் மனோ.

நான் பிளேன்டிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிஸ்வி பேனாவைக் கீழே வைத்தான். தலையைத் தூக்கி, தட்டில் இருந்த லேஞ்சிப் பெட்டிகளைப் பார்த்தான்.

"ஒன்ட சீட்டுல லேஞ்சி ஒண்டு போச்சி. நூத்தம்பது."

"கூட்டாளிக்குக் கொறைக்க மாட்டியா?"

"கொறைச்சிட்டுத்தான் செல்றன்."

மனோ இருநூறு ரூபாய் கொடுத்தான். ரிஸ்வி கவுண்டரின் காசு லாச்சியைத் திறந்து மிச்சம் ஐம்பதை எண்ணி அவன் கையில் வைத்தான். ஆக, அந்தப் பயணம் எங்கள் மூவருக்கும் ஆளுக்கு எண்பத்தேழாயிரம், மனோவுக்கு நூற்றைம்பது.