இரண்டு தெரு அரிசி

எங்கள் நைனா பிறந்தது ஆந்திர எல்லையோரப் பாலசமுத்திரத்தில். எண்பத்தோராம் வயதில் கண்மூடியதும் அதே வீட்டில். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஏர் பிடித்தவர். திருப்பதியில் கேட்ட ஒரு சொற்பொழிவிலிருந்து ஒரே ஒரு சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, கடைசிவரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்தி என்பது வடமொழியில் 'பஜ்' என்ற வேரிலிருந்து வந்ததாம். பங்கிடுவது, பங்கு பெறுவது என்று பொருளாம். பஜனையும் அதே வேர்தானாம். வெந்த சோற்றுக்கும் அந்த மொழியில் 'பக்தம்' என்று பெயர் உண்டாம். "கும்பிடறது அப்புறம்பா, பங்கு போட்டுக்கிறதுதான் மொதல்ல" என்பார்.

இதைச் சொல்லும் தகுதியை அவர் சும்மா பெறவில்லை.

மொழிவாரியாக மாநிலம் பிரித்து எல்லைத் தகராறு நடந்தபோது, ஊர் சென்னையோடு சேரவேண்டும் என்று தமிழ்த் தெருவில் கையெழுத்து வாங்கியவர் நைனா. ஆந்திராவோடுதான் என்று தெலுங்குத் தெருவில் வாங்கியவர் நாயுடு மாமா. ஒரே பஜனைக் கோஷ்டியில் தாளம் போட்ட இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். முடிவில் ஊர் ஆந்திராவில் நின்றது.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில், எவ்வளவு வசதி உள்ளவரும் நாமம் போட்ட செம்போடு வீடு வீடாக நின்று, 'கோவிந்தா' சொல்லி அரிசி வாங்குவது எங்கள் வழக்கம். ஊர் அரிசி முழுவதும் ஒரே அண்டாவில் பொங்கும். அந்த ஆண்டு தெருவுக்கு ஓர் அண்டா என்று பேசிவிட்டார்கள். முதலில் தலையாட்டியவரே நைனாதான். ஆனால் முதல் சனிக்கிழமைப் பொங்கல் அவர் தொண்டையில் இறங்கவில்லை. மறு சனிக்கிழமை காலை அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாயுடு மாமா வாசலில் போய் நின்றார்.

"ஏம்பா, மெட்ராசுக்குப் போவலையா?" என்றாராம் மாமா.

"ஊரையே உங்கிட்ட உட்டுட்டாங்களே, நான் எங்க போவறது? அரிசி போடு."

"உங்க தெருவுல அரிசி இல்லியா?"

"கீது. உன் பங்கு சேராம அது வெறும் சோறுதான்பா."

மாமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நைனா நகரவில்லை. கதவு திறந்தபோது மாமாவின் நெற்றியில் நாமம், கையில் அவருடைய செம்பு. ஒரு பிடி அரிசியை நைனாவின் செம்பில் போட்டார்.

"உங்க தெருவுக்கு நானும் வரேன். எவனாவது எதுனா பேசினா?"

"பேசுவானுங்க. பேசக் கத்துக்குடுத்தவனே நாந்தானே. சும்மா வா."

இருவரும் சேர்ந்து இரண்டு தெருவிலும் வாங்கிய அரிசியில் அன்று ஒரே அண்டா பொங்கியது. அதன்பிறகு ஒரு புரட்டாசியிலும் அது இரண்டாகவில்லை.

கடைசி நாட்களில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய நாயுடு மாமாவின் பிள்ளைகளுக்கும், சுமந்து சென்ற இரு தெருத் தோள்களுக்கும், பாடி வழியனுப்பிய கோஷ்டிக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இந்த முதலாண்டு நினைவு நாளில் உங்கள் இலைக்கு வந்திருப்பதும் இரண்டு தெரு அரிசிதான். இன்னொரு கவளம் சாப்பிட்டுவிட்டு எழுந்திருங்கள். உங்கள் பங்கு மீந்தால் நைனாவுக்கு மனம் கேட்காது.