மழைக்கு வாய்ப்பு கம்மி

சமீபத்தில் ஒருநாள் விடியற்காலை, இன்னும் இருட்டு விலகாத நேரம். யாரோ கதவைத் தட்டினார்கள்.

பால்காரர் தட்ட மாட்டார். பாக்கெட்டை கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். பேப்பர் போடுபவர் வீசிவிட்டுப் போவார். இந்த நேரத்தில் கதவைத் தட்டினால் அது நல்ல செய்தியாகவா இருக்கும்? பயந்துகொண்டேதான் திறந்தேன்.

மாடி வீட்டுத் தமிழரசி டீச்சர். தலையில் துண்டு. கையில் துடைப்பம்.

"சார், கார் எடுக்க முடியுமா? அடி அண்ணாமலை வரைக்கும் போகணும். என் ஸ்கூட்டி கிளம்ப மாட்டேங்குது."

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மழை. மாசி மாதத்தில் மழை. தூறல் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது... சன்ஷேடில் அடித்துக் கொட்டுகிற மழை.

திருவண்ணாமலையின் மாசி எப்படி இருக்கும் என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் இரண்டு பருவம். காலை எட்டு மணி வரை மலையைக் காணோம் — பனி மொத்தமாக மூடி வைத்திருக்கும். மஃப்ளர் கட்டாமல் வாக்கிங் போக முடியாது. பதினோரு மணிக்கு அதே மலை வெயிலை வாங்கி நம் முகத்தில் திருப்பி அடிக்கும். காலையில் ஸ்வெட்டரோடு பேங்குக்குப் போனவர், மதியம் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு இளநீர்க் கடை முன்னால் நிற்பார். சளி, இருமல், தொண்டைக் கட்டு — மருந்துக் கடைக்காரருக்கு இதுதான் சீசன்.

ஆனால் மழை? அது யாருடைய கணக்கிலும் கிடையாது. அறுத்த நெல் களத்தில் காய்கிற நேரம் இது.

தமிழரசி டீச்சரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்கிறார். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலை, வார லீவுக்குத்தான் வருவார். சில வருடங்களுக்கு முன் வகுப்பில் பருவமழை பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, நாளைக்கு நம்ம ஊரில் மழை வருமா என்று கேட்டாளாம். லீவு கிடைக்குமா என்பது அவள் கவலை. டீச்சருக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷமாகப் பருவக்காற்றைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற நமக்கு, நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லையே என்று உறுத்தியிருக்கிறது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. எங்கள் மொட்டை மாடியில் மழைமானி ஒன்று வந்து உட்கார்ந்தது. செயற்கைக்கோள் படம், காற்றின் திசை, கடலின் சூடு... என்னென்னவோ பார்ப்பார், படிப்பார். பிறகு தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடத்துக்குக் குறைவாக ஒரு குரல்பதிவு. முதலில் பெற்றோர் குழுவில் மட்டும் போட்டார். அது ஊர்க் குழுக்களுக்குப் போனது. ரமணாசிரமம் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துபவர், துணி தேய்க்கிறவர், கல்யாண சமையல்காரர், சுற்றுவட்டாரத்து விவசாயிகள் — எல்லோர் போனிலும் டீச்சரின் குரல்.

முந்தின நாள் பதிவை நானும் கேட்டிருந்தேன். காலையில் பனி ஜாஸ்தி, வண்டி ஓட்டுகிறவர்கள் பார்த்துப் போங்கள், மதியம் வெயில் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். கடலில் ஒரு தாழ்வு நிலை இருக்கிறது, அது தெற்கே போய்விடும் போலத் தெரிகிறது. "நமக்கு மழைக்கு வாய்ப்பு கம்மிங்க."

அது தெற்கே போகவில்லை.

காரில் ஏறியதும்தான் விஷயத்தைச் சொன்னார். கணவரின் அண்ணன் ஏழுமலைக்கு அடி அண்ணாமலையில் நிலம். நெல்லை மெஷின் வைத்து அறுத்துக் களத்தில் கொட்டியிருக்கிறார்கள். ஒருநாள் வெயில் பட்டாயிற்று, இன்னும் ஒருநாள் காய்ந்தால் மூட்டை பிடித்துவிடலாம். அதை மூடி வைக்கிற தார்ப்பாயை ஒரு சொந்தக்காரர் காதுகுத்து விசேஷத்துக்குச் சமையல் பந்தல் போடக் கேட்டார். டீச்சர் பதிவைக் கேட்டுவிட்டு, மழைதான் இல்லையே என்று ஏழுமலை தூக்கிக் கொடுத்துவிட்டார்.

வைப்பரை வேகமாக ஓடவிட்டும் ரோடு தெரியவில்லை. கிரிவலப் பாதையில் மூடியிருந்த கடைகளின் ஷட்டர் ஓரமாக நாலைந்து பேர் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். மலை இருக்கிற பக்கம் வெறும் கறுப்பு.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். நீங்கள் மழையே வராது என்று சொல்லவில்லையே டீச்சர், வாய்ப்பு கம்மி என்றுதானே சொன்னீர்கள்.

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி பேசினார்.

"கம்மினு சொன்னா, இல்லைனுதான் சார் கேக்கும். அது எனக்கு நல்லாவே தெரியும். சந்தேகமா இருக்குனு சொன்னா டீச்சருக்கே தெரியலைனு நினைப்பாங்களேனுதான் அப்படிச் சொன்னேன்."

நான் ரோட்டைத் தேடித் தேடி ஓட்டினேன்.

களம் வயலை ஒட்டிய சிமென்ட் தரை. நடுவில் ஆள் உயரத்துக்கு நெல் குவியல். அதன்மேல் உரச் சாக்கு, கோணிப்பை, பழைய புடவை, கட்டிலில் விரிக்கிற பாய் — வீட்டில் கைக்குக் கிடைத்தது எல்லாம் கிடந்தது. ஏழுமலை ஒரு பக்கம், அவர் மனைவி பச்சையம்மாள் மறுபக்கம், அக்கம்பக்கத்து ஆட்கள் மூன்று பேர். மேலே விழும் மழையைவிட மேட்டுப் பக்கமிருந்து களத்துக்குள் ஓடிவரும் தண்ணீர்தான் பெரிய பிரச்சினை. அது குவியலின் அடியில் புகுந்துகொண்டிருந்தது.

டீச்சர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக மேட்டுப் பக்கம் போனார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை வெளியே தள்ளிப் பெருக்க ஆரம்பித்தார். தள்ளத் தள்ள வந்தது. நிறுத்தவில்லை.

கார் டிக்கியில் கார் கவர் இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு பேராகப் பிடித்து விரித்தோம். குவியலில் பாதி மூடியது.

எந்த நிமிஷமும் ஏழுமலை கத்தப் போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். நியாயம்தானே? நாலு மாத உழைப்பு தண்ணீரில் நிற்கிறது. அவர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"பாத்தும்மா, அங்க வழுக்கும்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் சார் என்று டீச்சர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

விடிந்து சற்று நேரத்தில் மழை நின்றது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை... ஒன்பது மணிக்கெல்லாம் பளீரென்று வெயில். கழுவித் துடைத்த மாதிரி மலை முழுசாகத் தெரிந்தது. இந்த மாசியில் அவ்வளவு தெளிவாக நான் மலையைப் பார்த்ததே இல்லை. ரசிக்கத்தான் முடியவில்லை.

நெல்லுக்கு என்ன ஆயிற்று? பாதிக்கு மேல் தப்பித்தது. அதைக் கலைத்துக் கலைத்து உலர்த்தினார்கள். அடியில் ஊறியதைப் பச்சையம்மாள் அன்றைக்கே பிரித்தெடுத்து, டிரம்மில் போட்டு அவித்துவிட்டார். விற்க வைத்திருந்தது வீட்டுக்குப் புழுங்கலரிசியாக ஆனது. ஓரத்தில் கொஞ்சம் முளைவிட்டு வீணாய்ப் போனது. அது மாட்டுக்கு.

தமிழரசி டீச்சர் அன்று சாயங்காலம் குரல்பதிவு போடவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

ஊர்க் குழுவில் இரண்டு பேர் கிண்டலாக எழுதினார்கள். ஒருவர் டீச்சர் இனிமேல் வரைபடம் மட்டும் சொல்லிக்கொடுக்கட்டும் என்றார். அதே ஆள், போன ஐப்பசியில் டீச்சர் பேச்சைக் கேட்டுத் தன் மகள் கல்யாண வரவேற்பை மைதானத்திலிருந்து மண்டபத்துக்கு மாற்றித் தப்பித்தவர். அன்றைக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

நாம் அப்படித்தான், இல்லையா? டாக்டர் 'ரெண்டு நாள் பார்க்கலாம்' என்றால் தலையாட்டிவிட்டு வருகிறோம். பஸ் கண்டக்டர் 'இப்ப எடுத்துடுவாங்க' என்றால் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். வானத்தைப் பற்றிச் சொல்பவரிடம் மட்டும் — வருமா, வராதா, ஒரே வார்த்தையில் சொல்லு. சொன்னபடி நடந்தால் மறந்துவிடுகிறோம். நடக்காவிட்டால் சாகும்வரை ஞாபகம் வைத்திருக்கிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பதிவு நின்ற பிறகு எனக்கே கை ஒடிந்த மாதிரி இருந்தது. போனில் வானிலை காட்டும் ஆப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் ஒரு மேகம், பின்னால் பாதிச் சூரியன், பக்கத்தில் ஒரு எண். அதை வைத்துக்கொண்டு என் மனைவி மாடியில் மிளகாய் காயப்போடுவதா வேண்டாமா? துணி தேய்க்கிறவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். மாடிப் படியில் எதிர்ப்பட்டால் டீச்சர் சிரிப்பார், நிற்க மாட்டார். மழைமானியைக்கூடக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழுமலை மொபெட்டில் வந்து எங்கள் கேட் முன்னால் நின்றார். நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் சத்தம் கேட்டுக் கீழே இறங்கி வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அன்றைக்குப் பிறகு இருவரும் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

உள்ளே வரச் சொன்னார் டீச்சர். அவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை உளுந்து புடுங்கலாம்னு இருக்கறேன். ஆள் சொல்லணும். வானம் எப்படிம்மா இருக்கும்?"

டீச்சர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "என்னைப் போய் ஏன் மாமா கேக்கறீங்க?" என்றார்.

"வேற யாரைக் கேக்கறது?"

"நான் சொல்லித்தானே அன்னைக்கு அவ்ளோ நெல்லும்..."

ஏழுமலை ஹேண்டில்பாரில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமோ கருணையோ எதுவும் அந்த முகத்தில் இல்லை. விலை பேசுகிற மாதிரி சாதாரணமாகத்தான் பேசினார்.

"என் பையனும் போன்ல பாத்துச் சொல்றான். அந்த போனு மழை வராதுனு சொல்லி வந்துட்டா, விடியக்காலைல தொடப்பம் எடுத்துக்கினு ஓடியாருமா? நீ வந்தியே. எனக்குச் சொல்றதுக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும். தெரிஞ்சதைச் சொல்லு. தெரியலைனா தெரியலைனு சொல்லு. நான் அதுக்குத் தக்கன பாத்துக்கறேன்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே நனைந்திருந்த செம்பருத்திக்கு மறுபடியும் தண்ணீர் விட்டேன்.

அவர் மாடிக்குப் போய்ப் பத்து நிமிஷம் கழித்து போனோடு திரும்பி வந்தார். படங்களை ஏழுமலைக்கே காட்டினார். ஞாயிறு மதியம் வரை பயமில்லை, சாயங்காலத்துக்கு மேல்தான் எனக்கே பிடிபடவில்லை, மேகம் இருக்கிறது, அது திரும்புமா போகுமா தெரியவில்லை என்றார். சரி, அப்படியானால் காலையிலேயே ஆளை இறக்கி வெயில் சாய்வதற்குள் வீட்டில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏழுமலை வண்டியைக் கிளப்பினார். மொத்தம் இவ்வளவுதான். எனக்கென்னவோ ஒரு பெரிய மாநாடு முடிந்த மாதிரி இருந்தது.

அன்று ராத்திரியே பதிவு மறுபடி வந்தது. அந்த மழைக்கு முதலில் மன்னிப்புக் கேட்டிருந்தார். பிறகு ஏழுமலையிடம் சொன்னதையே ஊருக்கும் சொன்னார் — தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு.

ஞாயிற்றுக்கிழமை உளுந்தைப் பிடுங்கி, மத்தியானத்துக்கு மேல் டிராக்டரில் ஏற்றி வீட்டுக் கொட்டகையில் சேர்த்துவிட்டார்கள். துணி தேய்க்கிறவர் வண்டியைச் சீக்கிரமே மூடிவிட்டுப் போனார். என் மனைவி மிளகாயை அள்ளிவிட்டாள். ஊரே மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஒரு சொட்டு விழவில்லை.

அடுத்த நாள் பதிவில் டீச்சர் சொன்னதை அப்படியே தருகிறேன். "நேத்து சாயங்காலம் மழை வருமோனு சந்தேகப்பட்டேன், வரலை. உங்களை அவசரப்படுத்திட்டேன். நாளைக்குக் காலைல பனி இருக்கும், அது மட்டும் நிச்சயமாத் தெரியும்."

இவ்வளவு நேர்மையான செய்தியை இந்த மாதம் நான் வேறு எதிலும் கேட்கவில்லை.