மைக்குக்குச் சுற்றிய மல்லிகை

அவனியாபுரத்தில் எங்கள் தெருப் பொங்கல் விழா மைக்கின் வலையில் மூக்கை வைத்தால், இரும்பு வாசமும் முந்திப் பேசியவர் மென்ற வெற்றிலை வாசமும் சேர்ந்தடிக்கும். அதில் ஒரு தடவையாவது "அலோ, அலோ" சொல்லிவிட வேண்டும் என்று நாங்கள் ஏங்கிக்கிடந்த வயதில், என் அக்காவுக்குப் பாடவே இடம் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை, அம்மா அப்பாவிடம் மல்லுக்கு நின்று வாங்கிய அனுமதி அது. "நல்லாப் பாடுனா பாடட்டும், ஊரு சிரிச்சுச்சுன்னா இதோட சரி" என்று சொல்லித்தான் அப்பா தலையாட்டினார்.

மாடோ மோட்டாரோ, நல்ல நாளில் பூச்சுற்றாமல் எங்கள் ஆட்கள் எதையும் தொடமாட்டார்கள். அன்று சாயங்காலம் அக்கா மேடையேறியதும் அம்மா பின்னாலேயே ஏறி, மைக்கின் கழுத்திலிருந்து வலை பாதி மறையும்வரை மல்லிகைச் சரத்தை நெருக்கிச் சுற்றி, கும்பிட்டுவிட்டு இறங்கினாள். அவள் முகத்தில் அம்புட்டுச் சந்தோஷம்.

அக்கா முதல் வரி எடுத்தாள். ஸ்பீக்கர் கூவென்று காதைக் கிழித்தது. மேடைக்குப் பின்னால் இருந்த சவுண்டு சர்வீஸ்காரர் சத்தத்தைக் குறைத்தார். கூவல் நின்றது, கூடவே அக்காவின் குரலும் போய்விட்டது. கூட்டினார், திரும்பவும் கூவியது. "சோறு திங்கலையா தாயி, சத்தமாப் பாடு!" என்று கூட்டம் சிரித்தது. பாவிகள்! பாட்டு பாதியில் இருக்கும்போதே அப்பா எழுந்து, "போதும், எறங்கு" என்றார். அதற்குப் பிறகு அக்கா எந்த மேடையிலும் பாடவில்லை. அவளுக்குக் குரல் பத்தாது என்றே வீட்டில் எல்லாரும் நம்பினோம், நானும்தான்.

இப்போது கோச்சடையில் என் மகள் பாடுவதற்கு ஒரு மைக் வாங்கியிருக்கிறாள். வலைக்குள் பின்பக்கம் சின்னச் சின்னத் துளைகள். பின்னாலிருந்து வரும் சத்தம் அவை வழியாகவும் நுழைந்து தன்னைத்தானே அமுக்கிக்கொள்ள, முன்னால் பாடுகிற குரல் மட்டும் துலக்கமாகப் போகுமாம். அவற்றைப் பொத்திவிட்டால் மைக் நாலாபக்கமும் கேட்கத் தொடங்கி, ஸ்பீக்கர் சத்தத்தையே வாங்கி ஸ்பீக்கருக்கே கொடுத்துக் கூவுமாம். டி. கல்லுப்பட்டியில் இருக்கும் அக்காவுக்கு உடனே போன் போட்டு, "உன் குரல் இல்லக்கா, அந்தப் பூதான்!" என்று கத்தினேன்.

"தெரியும்டி" என்றாள் அக்கா. "பின்பக்கம் பொத்திராத, கூவிரும்னு சவுண்டு சர்வீஸ் அண்ணே மத்தியானமே சொன்னாரு. ஊருக்கு முன்னால அந்தப் பூவப் பிச்சுப் போட்டா, 'ஒன்னாலதான் கெட்டுச்சு'ன்னு அப்பா அம்மாவத்தான வைஞ்சிருப்பாரு, ஆயுசுக்கும்."

இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. "இப்பப் பாடுக்கா, ஒரு வரி" என்று கெஞ்சினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு முறை முயன்றாள்; குரல் எழும்பவில்லை.