பெயருக்கு முன் ஊசியைத் தூக்கிய ஊர்

மாரியாயி அக்கா இறந்துபோன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் கோர்ட்டில் வழக்குப் பேசும் ஒரு புரொக்டர். கண்டிக் கடைத்தெருவில் கிராமபோனும் இசைத்தட்டும் விற்கும் என் கடையின் கதவுப் பலகைகளை அப்போதுதான் கழற்றிக்கொண்டிருந்தேன். கையில் குடையும் வாயில் வெற்றிலையுமாக வந்து நின்றார்.

"உந்த ஹோட்டல்காரி வயலட் நேற்று ஆஸ்பத்திரியில செத்துப்போனாளாம். அவளின்ர தட்டு ஏதும் மிச்சம் கிடக்கோ? இனி எடுக்கேலாது எல்லோ."

சாவைச் சொன்ன மூச்சு அடங்குவதற்குள் தட்டைக் கேட்ட வாய் அது. கொழும்புக் கச்சேரி ஒன்றைப் பற்றி விசாரிப்பதுபோல் கேட்டார். "தட்டு ஈக்கி சேர். ஒங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கழற்றிய பலகைகளைத் திரும்ப மாட்டினேன். அன்று கடை திறக்கவில்லை.

அக்காவை அறியாதவர்கள் அறிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். அறியாதவர்போல நடித்தவர்களும் அவர்களேதான். அவர்களும் படிக்கட்டும். படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் வரட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மாரியாயி அக்கா கெலிஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சடையன் என்பவருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவரைக் கண்டியில் பியானோ படிப்பித்த டெய்சி அம்மா என்ற பறங்கிப் பெண்மணி தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவாக அழைத்து வந்தார். டெய்சி அம்மாவின் கணவர் வாவிக்கரை ஹோட்டலில் நடனத்துக்கு வாசிக்கும் பாண்டின் தலைவர். வீட்டில் நாள் முழுக்க ஜாஸ் என்கிற அந்த அமெரிக்கத் தாளம்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா அதைக் கேட்டார், கேட்டதையெல்லாம் பாடினார். கொழும்பிலிருந்து வரவேண்டிய பாடகி ஒருநாள் வராமல் போகவே, டெய்சி அம்மா தம் கவுன் ஒன்றை அக்காவுக்கு மாட்டி மேடையில் ஏற்றிவிட்டார். பாட்டின் பாதிச் சொற்களுக்கு அவருக்கு அர்த்தம் தெரியாது. குரலுக்கு அது தேவைப்படவில்லை. மறுவாரமே ஹோட்டல் மனேஜர் அவருக்கு மிஸ் வயலட் என்று பெயர் வைத்தார்.

ஹோட்டலில் முதல் வரிசைக் கதிரைகளில் வெள்ளைக்காரத் துரைமாரோடு நம்மூர்க் கனவான்களும் இருப்பார்கள். கை வலிக்க வலிக்கத் தட்டுவார்கள். அதே கனவான்கள் பகலில் கடைத்தெருவில் அக்காவைக் கண்டால், மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். மேலே சொன்ன புரொக்டர் ஐயா இதில் எல்லாருக்கும் முந்தி. என் கடை வாசலில் நின்று இதைப் பார்த்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாருங்க மொதலாளி, என்னையக் கண்டாலே இவுகளுக்கு மழ வருது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது எழுதும்போதும் வரவில்லை.

தட்டுப் பதிகிற கம்பனியின் ஏஜண்ட் ஒருவர் ஹோட்டலில் அக்காவின் பாட்டைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். பதிவுக்காகக் கொழும்பில் ஒரு பங்களாவை எடுத்திருந்தார்கள். நான், அக்கா, டெய்சி அம்மா, சாக்ஸபோன் வாசிப்பவர் நால்வரும் ரயிலேறிப் போனோம். அறைச் சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. சத்தம் விழும் என்று பங்கா விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். வியர்வை வழிய வழிய, குரலைப் பிடிக்கும் ஒரு பெரிய புனலுக்குள் அக்கா பாடினார். தோட்டத்துப் பெண்கள் பிள்ளையை உறங்க வைக்கும் தாலாட்டு அது. அதற்கு டெய்சி அம்மா பியானோவில் நடனத் தாளம் போட்டார். அப்படியொன்றை அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பதிவு செய்த வெள்ளைக்காரர் காலால் தாளம் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்த நாளில் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டு முடிந்ததும் பாடியவரே தம் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். பாட்டைப் பிடித்த மெழுகுத் தட்டு அச்செடுக்கக் கப்பலேறிப் போகும்; அங்கே தொழிற்சாலையில் இருப்பவனுக்குத் தமிழும் தெரியாது, பாட்டும் தெரியாது. பெயரைக் கேட்டுத்தான் எது யாருடையது என்று பிரித்து வைப்பான். "மிஸ் வயலட், கண்டி" என்று சொல்லும்படி ஏஜண்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பாட்டு முடிந்தது. புனலுக்குக் கிட்டப் போய்த் தெளிவாகச் சொன்னார்:

"கெலிஓயாத் தோட்டம், சடையன் மக மாரியாயி!"

ஏஜண்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "குடி கெட்டுது! தோட்டத்துக் கூலிப் பொம்பளை பாடினதுன்னு தெரிஞ்சா எந்தக் கௌரவமான வீட்டுலம்மா வாங்குவாங்க? மறுபடி பாடுங்க." வெள்ளைக்காரரோ, ஒரு பெயர் கேட்டது, அது போதும், மெழுகை வீணாக்க முடியாது என்றுவிட்டார்.

திரும்பி வரும் ரயிலில், ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல காலையில கணக்கப்புள்ள என் பேரக் கூப்புடுவாருங்க. முன்னுக்கு ஒரு கெட்ட வார்த்த, பின்னுக்கு ஒரு கெட்ட வார்த்த, நடுவுல என் பேரு. ஹோட்டல்ல அந்தப் பேரே இல்லாமப் போச்சு. எங்கம்மா ஆசையா வச்ச பேருங்க அது. நல்லபடியா ஒருத்தரும் சொல்லல. நானே சொல்லிக்கிட்டேன்."

தட்டு வந்தது. நடுவில் ஒட்டும் தாள் ஏஜண்ட் கையில் இருந்ததால் அதில் மிஸ் வயலட் என்று அச்சடித்துவிட்டார். குரலில் இருந்ததை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தட்டுகள் சுடச்சுட விற்றன. அதனால் அடுத்தடுத்த பதிவுகளிலும் அக்கா வைத்ததுதான் சட்டம். பெயரைச் சொல்லவிட்டால் பாட்டு, இல்லாவிட்டால் கண்டி ரயில்.

கண்டிக் கனவான்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாட்டை முழுசாகக் கேட்பார்கள். பெயர் வரும் இடத்தில் சட்டென்று ஊசியைத் தூக்கிவிடுவார்கள். சாம்பிராணி போட்ட வீட்டுக்குள் அந்தப் பெயர் கேட்கக் கூடாதாம்! பிலிமத்தலாவையில் ஒரு பெரிய வீட்டுக்குக் கிராமபோன் பழுதுபார்க்கப் போனபோது, அந்த வீட்டு அம்மா எவ்வளவு லாவகமாகத் தூக்கினார் தெரியுமா? தாலாட்டில் கண் கலங்கியபடியே தூக்கினார். புரொக்டர் ஐயா என் கடைக்கே வந்து, "கடைசியில அந்தப் பேர் சொல்லுற கதை இல்லாத தட்டு வராதோ?" என்று கேட்டார். சேச்சே, என்ன மனிதர்கள்! குரல் வேண்டும், குரலுக்கு உரியவர் வேண்டாம்.

அவர்களைவிட மோசம் தோட்டம். ஹோட்டலில் ஆடிப் பாடுகிறவள் லயத்து வீடுகளுக்குள் கால் வைத்தால் மற்றப் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று பெரிய கங்காணி தோட்டத் துரையிடம் சொல்லி, அக்காவைத் தோட்ட எல்லைக்குள் விடாமல் செய்துவிட்டார். தகப்பனார் சாவுக்குப் போன அக்கா ஆற்றுப் பாலத்தோடு திரும்பி வந்தார். அந்தத் துரை ஹோட்டலில் அக்காவுக்குக் கை தட்டியவர்தான். தங்கை பேச்சியம்மாளை அதற்குப் பிறகு அக்கா கெலிஓயாச் சந்தையில் எப்போதாவது பார்ப்பதுதான்.

பிறகு புனல் போய் மைக் வந்தது. தொழிற்சாலைக்காரனுக்கு வேறு அடையாளம் போடத் தொடங்கினார்கள். ஏஜண்டுக்குத் தலை கால் புரியாத சந்தோஷம்.

"இனிமே பேரெல்லாம் சொல்ல வேணாம்மா. பாட்டு முடிஞ்சதும் சும்மா இருந்தாப் போதும்."

"சும்மா இருக்கவா இம்புட்டுத் தூரம் ரயில்ல வந்தேன்?" என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்தார். அதற்குப் பிறகு ஒரு தட்டிலும் பாடவில்லை. ஹோட்டலும் வேறு பாடகியைப் பிடித்துக்கொண்டது. டெய்சி அம்மா வீட்டிலேயே கடைசிவரை இருந்தார். நெஞ்சு நோவு முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தவரைப் பார்க்கப் போனேன்.

"பெரிய மனுசங்களுக்கு ஒண்ணும் சொல்லி அனுப்பாதீங்க மொதலாளி. தங்கச்சிக்கு மட்டும் சொல்லுங்க. அவ என் பாட்டக் கேட்டதே இல்ல."

புரொக்டர் வந்து சொன்ன அன்றே கெலிஓயா பஸ் டிரைவரிடம் நான் சொல்லி அனுப்பிய சாவுச் சேதி தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. அடுத்து வந்த ஞாயிறு பின்னேரம் கனவான்கள் ஒரு மண்டபத்தில் அனுதாபக் கூட்டம் வைத்தார்கள். வாசலில் 'மிஸ் வயலட்' என்று பெரிய துணிப் பதாகை. தலைவர் யார் என்கிறீர்கள்? புரொக்டர் ஐயாவேதான். "கலையுலகின் தாரகை" என்றார், "நமது நகரின் பெருமை" என்றார். குடை விரித்த கை மேசையைத் தட்டித் தட்டிப் பேசியது. முடிவில் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டைப் போட்டார். தாலாட்டு முடிந்தது. பழக்க தோஷம், விரல் தானாகப் போய் ஊசியைத் தூக்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். செத்த பிறகும் அவர் பெயரை அவரே சொல்ல விடவில்லை, பாவிகள்! எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வெளி மதிலோரம் தோட்டத்துப் பெண்கள் சிலர் நின்றார்கள். நடுவில் பேச்சியம்மாள்; கூட்டம் என்று பஸ் டிரைவர் சொல்லக் கேட்டு வந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மொதலாளி, எங்க அக்கா கூட்டம் எங்கங்க நடக்குது? மாரியாயி கூட்டம்னு கேட்டோம். அப்புடி ஒருத்தருக்கும் இங்க கூட்டமில்லன்னு வாசல்ல நிக்கிறவரு வெரட்டுறாரு."

"அவரு சென்னது சரிதான், தங்கச்சி. இங்க இல்ல. என்னோட வாங்க" என்றேன்.

கடையைத் திறந்து அவர்களை உட்காரவைத்தேன். கதிரைகள் இருந்தும் தரையில்தான் இருந்தார்கள். அந்த முதல் தட்டைப் போட்டேன். தாங்கள் பாடும் தாலாட்டு இப்படித் துள்ளிக்கொண்டு வருவதைக் கேட்டு ஒரு கிழவி அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டார். இசை நின்றதும், முடிந்துவிட்டது என்று எழப் போனார்கள்.

"இரிங்க" என்றேன்.

அக்கா தம் ஊரையும் தகப்பன் பெயரையும் தம் பெயரையும் சொன்னார். பேச்சியம்மாள் என் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னொருக்காப் போடுங்க மொதலாளி. பாட்டு வேணாம். அந்தக் கடசி மட்டும்."

ஊசியைக் கடைசிக் கீற்றில் வைத்தேன். கேட்கக் கேட்க வைத்தேன். கெலிஓயா பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அக்கா தம் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

போய் வாருங்கள், மாரியாயி அக்கா. கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டார்கள்.