மிதவைக்குள் பெற்றோல்

அந்தப் பெரும்போகத்தில் வாடகைக்கு ஒரு உழவு இயந்திரமும் கிடைக்கவில்லை. மழை பிந்திப் பெய்ததால் தம்பலகாமத்தில் எல்லாரும் ஒரே கிழமையில் உழத் தொடங்கிவிட்டார்கள். என் கணவர், தன் தகப்பன் வாங்கி வைத்திருந்த பழைய பெற்றோல் மிசினைக் கொட்டிலிலிருந்து வெளியே எடுத்தார். பட்டணத்தில், ஓர்ஸ் ஹில்லில் இருந்துகொண்டு சனிக்கிழமைகளில் மட்டும் வயலுக்குப் போகிற எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

காட்டோரத்துத் துண்டில் பாதி உழுதபோது மிசின் இருமியது. கறுப்பாகப் புகை தள்ளிவிட்டு நின்றுபோனது. பக்கத்து வயல்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர்; அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். அன்று வேளைக்கே வீட்டுக்குப் புறப்பட்டவர், வரம்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இரண்டு யானை வெடிகளை என் கையில் தந்தார்.

"தனியன் யானை ஒண்டு இந்தப் பக்கம் நிக்குது தங்கச்சி. நேத்து எங்கட வாழையெல்லாம் முறிச்சுப் போட்டுது. பொழுதுபட முந்திப் போயிருங்க."

"ஓம் நானா. இதைத் துப்புரவாக்கினவுடன போயிருவம்," என்றேன்.

கணவர் பெற்றோல் குழாயை மூடிவிட்டு, கார்பரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினார். அடியில் துருவும் சேறும் தண்ணீருமாக இருந்தது. பால்மா டின்னில் பெற்றோல் விட்டு ஒவ்வொன்றாகக் கழுவினார். பெற்றோல் பாய்கிற சின்னத் துளையை வாயால் ஊதி, வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் தெரிந்தது. பூட்டினார், குழாயைத் திறந்தார். கிண்ணம் நிரம்பி, பெற்றோல் அவர் உடுத்திருந்த சாரத்தில் வழிந்தது. மறுபடி கழற்றினார், துடைத்தார், பூட்டினார். மறுபடியும் வழிந்தது.

அப்போதுதான் கவனித்தேன்: உழுத மண்ணில் புழு பொறுக்கிக்கொண்டு நின்ற கொக்குகளில் ஒன்றையும் காணவில்லை. காட்டுக்குள் ஒரு கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, இன்னும் கிட்டத்தில், இன்னொன்று.

"கேட்டதா?"

"கேட்டது," என்றார். தலை நிமிரவில்லை.

எனக்குக் கையைச் சும்மா வைத்திருக்க ஏலாமல் இருந்தது. அவர் மறுபடி கழற்றி டின்னில் போட்டிருந்த பித்தளை மிதவையை எடுத்துக் காதோரம் குலுக்கினேன்.

"இதுக்குள்ள என்னவோ குலுங்குது."

அவர் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். முகம் மாறியது. மிதவை மிதந்து மேலே வந்தால்தான் பெற்றோல் அடைபடும். ஒட்டில் மயிர் போல ஒரு வெடிப்பு. அதன் வழியே பெற்றோல் உள்ளே போய் மிதவை தாழ்ந்து கிடந்திருக்கிறது. பற்றவைத்து ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வாய்க்காலில் கால் கழுவ நான் கொண்டுவந்த சவர்க்காரத் துண்டுதான் இருந்தது. உள்ளே இருந்ததைச் சொட்டுச் சொட்டாக உதறிவிட்டு, சவர்க்காரத்தைப் பிசைந்து வெடிப்பில் அழுத்தினார். "சவர்க்காரத்தைப் பெற்றோல் கரைக்காது. வீடு வரைக்கும் தாங்கும்."

கடைசி ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தபோது தனியன் வெளியே வந்தது.

ஓடி வரவில்லை. தன் வீட்டு முற்றத்துக்கு வருவது போல வந்து, எங்களுக்கு முன்னால் வரம்பில் கிடந்த விதைநெல் மூட்டையைக் காலால் அமுக்கியது. சாக்குக் கிழிந்தது. தும்பிக்கையால் நெல்லை வாரிக்கொண்டே எங்களைப் பார்த்தது.

அவர் கை என் மடியிலிருந்த வெடிக்கு வந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்! உங்கட சாரம் முழுக்கப் பெற்றோல்."

என் கையும் அதேதான் மணத்தது. இரண்டு பேரில் யார் நெருப்புக்குச்சியைத் தட்டினாலும் முதலில் எரிவது நாங்கள்தான். மிசினை இயக்கவும் பயம். சூடான புகைக்குழாயின் மேலும் பெற்றோல் சிந்தியிருந்தது. அவர் சாரத்தை மெதுவாக அவிழ்த்துத் தூர எறிந்துவிட்டு, உள்ளே போட்டிருந்த காற்சட்டையோடு நின்றார். நான் துவாயால் குழாயைத் துடைத்தேன். காற்றில் காயட்டும் என்று காத்து நின்றோம். யானை தின்றுகொண்டிருந்தது. மூட்டை தீர்ந்தால் என்ன செய்யும் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மிசினைச் சுற்றி இயக்கும் கைப்பிடி முன்பக்கத்தில் இருந்தது. யானையும் முன்பக்கத்தில்தான் நின்றது.

"நீர் மேல ஏறும். எனக்கு ஏதும் நடந்தால் இறங்கக் கூடாது," என்றுவிட்டு அவர் முன்னால் போய்க் குனிந்தார். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. யானை காதுகளை விரித்தது. இரண்டாம் சுற்றில் ஒரு இருமல். யானை ஓரடி எடுத்து வைத்தது. அடுத்த சுற்றில் மிசின் பற்றிக்கொண்டு கத்தியது. அந்தச் சத்தத்தில் அது திகைத்து நின்ற நேரத்துக்குள் அவர் தாவி ஏறினார். கலப்பை மண்ணில் இழுபட இழுபட வரம்பை உடைத்துக்கொண்டு போனோம். கண்டி வீதி வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வயல்காரரின் தொலைபேசி வந்தது. "ஹலோ" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு.

"தங்கச்சி, இருக்கீங்களா? அவருடைய சாரம் சேத்துக்குள்ள மிதிபட்டுக் கிடக்கு. சுத்திவர யானைக் கால் தடம். நான் காட்டுக்குள்ளயும் போய் உங்களைத் தேடிட்டுத்தான் போன் எடுக்கன்."

கணவர் பக்கத்தில் தேநீரோடு நின்றார். தொலைபேசியை அவரிடம் நீட்டினேன். "நான்தான் கதைக்கிறன்," என்றார், தேநீரைக் கீழே வைத்துவிட்டு.

மிதவையைப் பட்டணத்தில் ஒட்டுவித்தோம். மிசின் இப்போது நன்றாக ஓடுகிறது. தனியனை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. காட்டோரத்துத் துண்டில் நாங்கள் உழாமல் விட்ட பாதியில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அதற்குள் என்ன நின்றாலும் வீதியிலிருந்து பார்த்தால் தெரியாது.