மங்களம் வாசிக்காத ஞாயிறு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடற்கரைப் பிள்ளைகள் அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள். எங்கள் வீட்டில் உப்புக் கேட்டாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். அந்த வாயை வைத்துத்தான் பிழைக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு மாடிக் கட்டடத்தில் நடக்கும் சின்ன சாஸ்திரிய சங்கீத வானொலியில் அறிவிப்பாளர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று உன்னைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள் என்று என் அண்ணன் கேலி செய்வான். அவனுக்குப் படகில் வேலை. ராகம் தாளம் ஒன்றும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் எங்கள் வானொலியைப் போட்டுவிடுவான். தங்கச்சி பேசுகிறாளே!

மற்ற நாளெல்லாம் எங்களிடம் ஒலிப்பதிவுதான். ஞாயிறு காலையில் மட்டும் ஒரு மணி நேரம் நேரலைக் கச்சேரி. அதற்கு ஒரே விதி, தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிறவர்களாக இருக்க வேண்டும். பாபநாசத்திலிருந்து ஆறு கடலில் சேருகிற இடம் வரைக்கும் எந்த ஊராக இருந்தாலும் சரி, வந்து பாடலாம், வாசிக்கலாம். சில வாரம் கச்சேரி பிரமாதமாக இருக்கும். சில வாரம் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், மிருதங்கம் சுருதி இறங்கிப்போகும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம்.

போன வருஷம் சென்னையிலிருந்து புதிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வந்தார். சின்ன வயசு. கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பாட்டுக் கேட்டால் கண் மூடுகிற ஜாதி. அவர் வந்த பிறகு நிகழ்ச்சி நிரல் தலைகீழாக மாறியது. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு வந்தது; அது நல்ல காரியம். வில்லுப்பாட்டு வெள்ளியிலிருந்து சனிக்குப் போனது, போகட்டும். கடைசியில் ஒரு நாள் எல்லாரையும் உட்கார வைத்து, ஞாயிறு நேரலையை நிறுத்தப்போவதாகச் சொன்னார்.

"நேரலையில நிறைய பிசிறு இருக்கு மேடம். அந்த நேரத்துல பெரிய வித்வான்களோட பழைய கச்சேரிகளைப் போடலாம். செல்போன்ல உலகம் பூரா கேக்கறாங்க. நம்ம தரம் உயரணும் இல்லையா?"

"பெரிய வித்வானைக் கேக்க ஆயிரம் இடம் கெடக்கு சார். எங்க ஊர்க்காரங்களைக் கேக்க இது ஒண்ணுதான் இருக்கு" என்றேன். என் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அவர் சிரித்தார், எழுதிக்கொண்டார், முடிவை மாற்றவில்லை. வருகிற ஞாயிறே கடைசி என்றார்.

அந்த ஞாயிறு நாகசுரம். வாசிக்க வேண்டியவள் சேரன்மாதேவிப் பக்கத்துக்காரி, எனக்கு ரொம்ப வேண்டியவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷன் தவில். இரண்டு பேரும் கோயில், கல்யாணம், அம்மன் கொடை விழா என்று வருஷம் பூராவும் வாசித்துக்கொண்டேதான் இருப்பார்கள், வேலைக்குப் பஞ்சமில்லை. அதனால் நான் போனில் விஷயத்தைச் சொன்னபோது ஒரு நல்ல வசவு வரும், அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் வசவு வரவில்லை.

"ஏட்டி, கல்யாண வீட்டுல நான் ஒரு ராகத்தை ஆரம்பிச்சா, அங்கன ஒருத்தன் கையைத் தூக்கி கெட்டிமேளம்பான். கொடையில போனா சினிமாப் பாட்டு வாசிங்கம்பாங்க. ஒரு ராகத்தை எடுத்து, பைய வளத்து, முழுசா வாசிச்சு இறக்குததுக்கு எனக்குன்னு இருக்குத எடம் உங்க ரேடியோ ஒண்ணுதாம்ட்டி. அதையுமா எடுக்குதாங்க?"

"நீ வந்து வாசிக்கா, பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். என்னத்தைப் பார்ப்பது?

ஞாயிறு வந்தது. இதுதான் கடைசி நேரலை என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டேன். எங்கள் ஒலிப்பதிவு அறைக்கும் நான் உட்காரும் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடி. நேரம் முடியப்போகும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கும்பிட வேண்டும். அப்படியென்றால் மங்களம் என்று அர்த்தம். கச்சேரி எவ்வளவு பெரியதானாலும் சின்னதானாலும் மங்களம் வாசித்துத்தான் முடிப்பது வழக்கம். வாசித்துவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் வாசிக்கக் கூடாது. தவில்காரர் விரலில் மாட்டிய கூட்டைக் கழற்றிவிடுவார்.

அன்றைக்கு அக்கா தோடியை எடுத்தாள். எடுத்தாள் என்றால், அறைக்குள் வேறு எதற்கும் இடம் இல்லாமல் செய்துவிட்டாள். பிறகு சின்னதாக இரண்டு உருப்படி. நேரம் ஆயிற்று, நான் கும்பிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். தலையை இல்லை என்று ஆட்டினாள். நாகசுரத்தை எடுத்து மடியில் படுக்க வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது முன்னாலேயே தெரியாது. வானொலியில் மௌனம் போவதென்பது அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒலிவாங்கியைத் திறந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "நேரம் முடிந்துவிட்டது. கச்சேரி முடியவில்லை. வணக்கம்."

பொறுப்பாளர் ஓடி வந்தார். "என்னம்மா இது? மங்களம் வாசிக்காம எழுந்திருக்கீங்க?"

அக்கா நாகசுரத்தை உறையில் போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "தம்பி, மங்களம் வாசிச்சா முடிஞ்சதுன்னு அர்த்தம். இது கடைசிக் கச்சேரின்னு சொல்லிட்டீங்க. முடிக்குததுக்கு எனக்கு மனசு இல்ல. நீங்க நிறுத்துங்க, அது உங்க கையில இருக்கு. என் குழல் முடிச்சுக் குடுக்காது." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். தவில் அண்ணாச்சி எங்களைப் பார்த்து ஒரு சங்கடச் சிரிப்புச் சிரித்துவிட்டு அவள் பின்னாலேயே போனார்.

அதன் பிறகு போன் அடித்தது பாருங்கள், அப்பப்பா! முதலில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், வளைகுடாவில் வேலை, செல்போனில் கேட்கிறவர். "என்ன சமாச்சாரம் தங்கச்சி, பாதியில நின்னுட்டு? அங்க யாரும் மவுத்தாயிட்டாங்களோ?" யாரும் சாகவில்லை என்று சொல்லிப் புரிய வைத்தேன். அடுத்து உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சி. "எம்மா, காலையில இருந்து கடையைத் தொறக்க மனசு வரல. மங்களம் இல்லாம எப்பிடி எந்திரிக்க? எப்பம் போடுவிய, அதைச் சொல்லுங்க." பிறகு என் அண்ணன். "ஏளா, எனக்கு இந்த ராகமெல்லாம் ஒண்ணும் தெரியாது. ஆனா கடைசி ஆசீர் குடுக்காம சாமியார் பீடத்தை விட்டு எறங்கிப் போன மாதிரி இருக்கு."

பொறுப்பாளர் ஒரு காரியம் செய்தார். கணினியில் தேடி, பெரிய வித்வான் ஒருவர் வாசித்த மங்களத்தை எடுத்து மத்தியானமே ஒலிபரப்பினார். தப்பு! சென்னையில் அது செல்லுமோ என்னமோ, எங்கள் ஊரிலா செல்லும்? போன் இரண்டு மடங்கானது. "அடுத்த வீட்டுக்காரன் வந்து தாலி கட்டுனா நம்ம வீட்டுக் கல்யாணம் முடிஞ்சிருமாவே?" என்று ஒருவர் அவரிடமே கேட்டுவிட்டார். ஆரம்பித்தவள்தான் முடிக்க வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு விரிந்தது. என்ன ஊர்! நேரலையை நிறுத்தாதே என்று மனுப் போட ஒருத்தரும் வரவில்லை. ஆனால் மங்களத்தைக் கொடு என்று பிடித்த பிடியை விடவில்லை.

இதில் பாவம் பொறுப்பாளர்தான். அவரும் சங்கீதக் குடும்பத்தில் வளர்ந்தவர். முடியாத கச்சேரி அவரையும் உறுத்தியது. இரண்டு நாள் முகம் வாடி அலைந்தார். பிறகு அக்காவுக்கு அவரே போன் செய்தார். அடுத்த ஞாயிறு ஒரு தடவை வந்து மங்களம் மட்டும் வாசித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். அக்கா சொன்ன பதிலைப் போன் ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன்.

"மங்களத்தை மட்டும் தனியா எப்பிடித் தம்பி வாசிக்க? முன்னால கச்சேரி வேணும்லா? முழு நேரமும் குடுங்க. குடுத்தா வாசிச்சு முடிச்சிருதேன். வாக்குன்னா வாக்கு."

முடித்துத் தருகிறேன் என்று அவளே வாக்குக் கொடுத்துவிட்டாளே! தனியாகப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "ஊரு காத்துக் கெடக்கு, எத்தனை நாள் நிறுத்தி வைக்கட்டி? கேக்குதவங்க என்ன பாவம் செஞ்சாங்க? இன்னொரு ராகம் முழுசா வாசிக்கக் கெடைக்குதுலா, அது போதும்" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்த ஞாயிறு பொறுப்பாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா தன்யாசி ராகத்தை எடுத்தாள். முதலில் அடியில் இருந்து ஒவ்வொரு சுரமாகத் தொட்டுப் பார்த்தாள், அவசரமே இல்லை. ஓர் இடத்தில் மேலே ஏறும்போது குழல் ஒரு பிசிறு தட்டியது. அவள் விடவில்லை. அந்தப் பிசிறையே பிடித்து, அதிலிருந்து ஒரு பிடியை உண்டாக்கி, அதை நாலு விதமாக வாசித்துக் காட்டினாள். தவில் அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தார். நான் பொறுப்பாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் மூடி இருந்தது, கன்னம் நனைந்திருந்தது.

நேரம் ஆயிற்று. நான் கும்பிட்டேன். அக்கா வாக்குத் தவறாதவள். ஒரு மூச்சு இழுத்து நாகசுரத்தை உதட்டுக்குக் கொண்டுபோனாள். அப்போது பொறுப்பாளர் எழுந்தார். கண்ணாடியை ஒட்டிப் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். அக்காவுக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்கும் முதலில் புரியவில்லை. அவர் திரும்பி என்னிடம், "அடுத்த வாரம்னு சொல்லுங்க மேடம். அதுக்கு அடுத்த வாரமும்னு சொல்லுங்க" என்றார்.

அறிவிப்பாளர் அழக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். நான் அழுதேன். அழுதுகொண்டே அக்கா பெயரைச் சொன்னேன், அண்ணாச்சி பெயரைச் சொன்னேன், அவர்கள் ஊரைச் சொன்னேன், அடுத்த ஞாயிறும் இதே நேரத்தில் நம் ஊர் நேரலை உண்டு என்று சொன்னேன். மங்களம் அன்றைக்கும் இல்லை.

போனுக்குப் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு போன்தான் வந்தது. உடன்குடி அண்ணாச்சி.

"எம்மா" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "மங்களத்தை எங்க வாசிச்சு முடிச்சிருவாளோன்னு பயந்தே நான் செத்துப் போயிட்டேன்."