‘எங்கள் தோட்டம்’ என்ற கட்டுரை

ஆசிரியர் கலாசாலை நுழைவுப் பரீட்சையில் நான் சித்தியடையாமல் போனது ஒரு சொல்லால். அதை எனக்குச் சொன்னவர், எங்கள் தோட்டப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த வாத்தியார். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, விடைத்தாள் திருத்திய உறவினர் ஒருவரிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். சிரித்தபடியேதான் சொன்னார்.

“தோட்டம் எண்டா மரக்கறித் தோட்டம் அல்லோ, தம்பி. நீர் தேயிலையையும் கங்காணியையும் எழுதி வைச்சிருக்கிறீர். தலைப்பே விளங்கேல்லை எண்டு திருத்தினவை கட்டுரைக்கு ஒரு புள்ளியும் போடேல்லை.”

‘எங்கள் தோட்டம்’ பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். இதைவிட எளிதாக ஒன்று வருமா என்று மண்டபத்தில் உட்கார்ந்து மகிழ்ந்தேன். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதிலிருந்து, மழையில் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிப்பது வரை எல்லாம் எழுதினேன். பிழையில்லாமல் எழுதினேன். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் போடும் நாலு பீன்ஸ் கொடிக்குக் கொல்லை என்று பெயர். தோட்டம் என்றால் எங்களுக்குத் தேயிலைத் தோட்டம் ஒன்றுதான்.

அடுத்த பரீட்சை நெருங்கியது. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் அப்பா கெஞ்சி, வேலைக்கு என் பேரைப் பதிவதைத் தள்ளிப்போட்டிருந்தார். இந்த முறையும் இல்லையென்றால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திதான். இதே மாதிரித் தலைப்புத்தான் மறுபடியும் வரும் என்று வாத்தியார் தானே ஒரு கட்டுரை எழுதி, மனப்பாடம் செய்யச் சொன்னார். கிணறு, தண்ணீர் இறைக்கும் துலா, கத்தரி, மிளகாய் எல்லாம் அதில் இருந்தன.

“நம்மகிட்ட ஏதுடா கெணறு?” என்றார் அம்மா. “பீலியில தண்ணி கொட்டுதுன்னு எழுது. அவனுங்களும் குளிக்க வரட்டும்.”

அப்பா சிரிக்கவில்லை. “கேக்குறத எழுதிட்டுப் போயேன்டா. பொய்தானே? தொரைகிட்ட நான் தெனமும் சொல்லல?”

“நீங்க சொல்றது வயித்துக்குங்கப்பா.”

“இது மட்டும் எதுக்காம்?”

எனக்குள் கோபம்தான் இருந்தது. குடியுரிமை இல்லையென்று அரசாங்கத்தார் சட்டம் போட்டு எங்களை ஒரு பக்கம் தள்ளினார்கள். விடைத்தாள் திருத்தும் இவர்களோ, நாங்கள் கிடக்கும் இடத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பேரையே பிழை என்று அடித்தார்கள். கலாசாலை முடித்து வந்தால் நான் யாருக்குப் படிப்பிக்கப் போகிறேன்? தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான். அதில் ஒரு பிள்ளை பெரட்டைப் பற்றி எழுதினால், சிவப்பு மையால் நானே அடிக்க வேண்டும்.

வாத்தியாரிடம் போய், அந்தக் கட்டுரையை எழுத மாட்டேன், அதற்குப் பரீட்சையே வேண்டாம் என்றேன்.

“விசரே உமக்கு? ஒரு சொல்லுக்காகவோ?”

“ஒரு சொல்லுக்காகத்தானே சேர் என்னையத் தள்ளுனீங்க?”

அவர் முகம் சிவந்தது. கட்டுரைத் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். செய்தி எனக்கு முன்னால் லயத்துக்குப் போயிருந்தது. “வாத்தியாரு வர்றாரு, வழி விடுங்கடா” என்று என்னைக் கேலி செய்தான், எங்கள் அறைக்குப் பக்கத்துக் காம்பராக்காரன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், “அப்ப காலையில பெரட்டுக்கு வா” என்றார்.

அதற்கும் நான் போகவில்லை. தலவாக்கலையில் ரயிலேறிப் பதுளைக்குப் போய், ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன். பிறகு எத்தனையோ வேலை, எத்தனையோ ஊர். எழுதியிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. எழுதியிருந்தால் சித்தியடைந்திருப்பேன், அது எனக்கும் தெரியும். எங்களிடம் இல்லாத அந்தக் கிணற்றையும் துலாவையும் எழுதியிருந்தால் நிச்சயம் எடுத்திருப்பார்கள். ஆத்திரமே அதுதான்.